உண்டு உறைவிட வித்வான்

சென்னையிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸிலும், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாக வரும் ரயிலிலும் திருப்பதியில் இறங்குகிற கூட்டத்தில் இவரை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். நடுக்கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல், சட்டைப் பையில் பனங்கற்கண்டும் அதிமதுரமும். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விஷ்ணு நிவாசத்தில் அறை கேட்டு வரிசையில் நிற்க மாட்டார். மலைக்குப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்றும் விசாரிக்க மாட்டார். ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரை ஆட்டோக்காரரிடம் சொல்லி, “அங்கே வெந்நீர் வருமாப்பா?” என்று கேட்பார். பெரியவர்களுக்கான மூன்று நாள் சங்கீத முகாமுக்கு வந்திருக்கும் உண்டு உறைவிட வித்வான் இவர்தான்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மின்வாரியப் பொறியாளர், சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதி முடித்தவர் என்று எந்த வடிவிலும் வருவார். சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது, அப்பா விடவில்லை. எல்லா வித்வான்களுக்கும் இந்த அப்பா ஒருவரே என்று சந்தேகப்படும்படி கதை ஒன்றுபோல் இருக்கும். அப்பா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் செம்மங்குடிக்கு ஒரு போட்டி உருவாகியிருக்கும் என்று அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் தேடுவது ஆசிரியரை அல்ல, ப்ளக் பாயிண்டை. ஜன்னலோரக் கட்டில், கைக்கெட்டும் தூரத்தில் ப்ளக் பாயிண்ட், கழிவறைக்கு அதிகத் தூரம் இல்லாத இடம் ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் பாதி சங்கீதம் வந்த மாதிரி. பிறகு செல்பேசியில் தம்பூரா செயலியைத் திறந்து வைப்பார். பக்கத்துக் கட்டில்காரரும் திறப்பார். முப்பது செல்பேசிகளில் முப்பது சுருதி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுத்தமானது.

அதிகாலை ஐந்து மணிக்கு அகார சாதகம். இதற்கு அவர் வந்துவிடுவார்; தூக்கம் வராத வயது. ஆறரைக்கு காபி. “டிகாக்‌ஷன் இரண்டாவதா?” என்று சமையல்காரரைக் கேட்பார். இட்லி, சாம்பார், பொங்கல் எல்லாவற்றிலும் அவருக்கு ராக லட்சணம் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை என்று ஆசிரியை ஆரம்பித்தால்தான் முகம் சுருங்கும். “அதெல்லாம் குழந்தைகளுக்குத்தானே மேடம், நேரா கீர்த்தனைக்குப் போயிடலாமே?” புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசைகளை அவர் காலத்திலிருந்து இன்றுவரை பாடாமல் மேலே போனவர் யாருமில்லை என்று ஆசிரியை சொல்வார். வித்வானுக்கோ ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரயில்.

அடுத்து சுருதிக் கட்டைப் பிரச்சினை. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டுக்குள் இருந்தால் சௌகரியம். முகாமில் ஆசிரியை பெண், மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆகவே ஐந்து கட்டை. ஆண்கள் கீழே பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, மேலே பாடினால் மொட்டை மாடியில் காய்கிறது. நம் வித்வான் இரண்டுக்கும் போகாமல் நடுவில் தனக்கென்று ஒரு ஸ்தாயியை வகுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே எந்தச் சுரமும் வசிப்பதில்லை.

தாளம் போட்டால் பாட்டு நிற்கும், பாடினால் தாளம் நிற்கும். ஆதி தாளத்தில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக்கொண்டு போனவர், சாஹித்யத்தில் ஒரு நெடில் வந்ததும் மோதிரவிரலிலேயே தங்கிவிடுவார். ஐம்பத்தெட்டு வயது வரை காசோலையில் கையெழுத்துப் போட்ட கை அது. திடீரென்று எட்டு அட்சரம் எண்ணச் சொன்னால் யூனியனைக் கூப்பிடாமல் இருப்பதே பெரிது.

ஃபைலில் இருப்பதெல்லாம் தமிழ் எழுத்தில் தெலுங்குக் கீர்த்தனைகள். நாம் ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு நாலு ககரங்களைச் சமாளிப்பதால், எழுத்தின் தோளில் குட்டி குட்டியாக 2, 3, 4 என்று எண்கள் உட்கார்ந்திருக்கும். சென்னை வித்வான் இந்த எண்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து உச்சரிப்பார். பல்லவி முடியும்போது மற்றவர்கள் சரணத்தில் இருப்பார்கள். சித்தூர் வித்வானுக்கு இந்தக் கவலை கிடையாது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர். ஒரு பதத்துக்கு அர்த்தம் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது. பாட மட்டும் வராது. முகாமில் இவர்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டால் ஒருவருக்கு அர்த்தமும் இன்னொருவருக்குப் பாட்டும் கிடைக்கும் என்று அமைப்பாளர்கள் நம்புகிறார்கள். இரண்டு பேரும் காலை வரை அரசியல் பேசுகிறார்கள்.

திருப்பதி முகாமில் அன்னமய்யாவை விட்டு வேறு யாரைப் பாடுவது? இங்கேதான் வித்வான் தன் சங்கீத ஞானத்தைக் காட்டுவார்.

“டீச்சரம்மா, நீங்க சொல்லிக்கொடுக்கிறது ஒரிஜினல் மெட்டு இல்லையே?”

“எது சார் ஒரிஜினல்?”

“எம்.எஸ். அம்மா பாடினது.”

தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரியில் படித்து வந்த அந்தப் பெண்ணுக்கு இவர் பெண் வயதுகூட இருக்காது. பொறுமையாகச் சொல்வாள். அன்னமய்யா 1408-இல் பிறந்து 1503-இல் மறைந்தவர். முப்பத்திரண்டாயிரம் சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. கிடைத்திருப்பது சுமார் பன்னிரண்டாயிரம். செப்பேடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சின்ன அறையில் வைத்தது நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது. ஏட்டில் ராகத்தின் பெயர் உண்டு, சுரம் கிடையாது. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்கள் போன நூற்றாண்டில் உட்கார்ந்து மெட்டுப் போட்டதைத்தான் இன்று நாம் பாடுகிறோம். பல ஏடுகளில் எழுதியிருக்கும் ராகம்கூட இன்று புழக்கத்தில் இல்லை.

“அப்ப அன்னமய்யா எப்படிப் பாடினார்னு…?”

“அவரைத்தான் கேட்கணும் சார். பல்லவி, இன்னொரு தடவை.”

இதை அவர் ஃபைலில் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்வார். அடுத்த முகாமில் வேறொரு ஆசிரியையிடம், “செப்பேட்டிலே சுரம் கிடையாதும்மா, தெரியுமோ?” என்று தானே கண்டுபிடித்த மாதிரி ஆரம்பிப்பதற்கு.

மூன்று நாளில் என்ன கற்றுவிட முடியும் என்று யாராவது வாயைத் திறந்தால் மதனப்பள்ளியை எடுத்து வீசுவார். 1919 பிப்ரவரியில் தாகூர் அங்கே, அன்னிபெசன்ட் அம்மையாரின் கல்லூரியில், சில நாள்தான் தங்கினார். ‘ஜன கண மன’வைப் பாடினார், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் மனைவி மார்கரெட் கசின்ஸ், இசை படித்த ஐரிஷ் அம்மாள், அதற்கு சுரம் எழுதி வைத்தார். “அப்போ அது சித்தூர் மாவட்டம் சார். சில நாள் தங்கினாரு, தேசிய கீதமே ரெடி!” வரலாறு சரிதான். தங்கியவர் தாகூர் என்பதை மட்டும் அவர் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

மதனப்பள்ளி போதாவிட்டால் லண்டன் மருமகன் சொன்ன கதை. இங்கிலாந்தில் 1948-இல் பிரையன்ஸ்டனில் தொடங்கி 1953-இல் டார்டிங்டனுக்குக் குடிபோன கோடை இசைப் பள்ளியில் தொழில்முறைக் கலைஞர்களும் நம்மைப் போன்ற ஆசைக்காரர்களும் ஒரே இடத்தில் தங்கி, சாப்பிட்டு, சேர்ந்து பாடிவந்தார்களாம். வெள்ளைக்காரனே செய்திருக்கிறான் என்றதும் அறை அமைதியாகிவிடும்.

இதே மனிதர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்பெருமை பேசுவார். சித்தூர் வி. நாகையாவில் ஆரம்பிப்பார். 1946-இல் ‘தியாகய்யா’ எடுத்துத் தியாகராஜராகவே வாழ்ந்தவர், அதற்கு முந்தின வருடம் ‘மீரா’வில் எம்.எஸ்.ஸுக்கு ராணாவாக நின்றவர். அங்கிருந்து சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்கு வருவார். குட்டைப் பசுவுக்குப் பேர்போன புங்கனூரில் 1898-இல் பிறந்தவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை வீட்டில் வருடக்கணக்கில் இருந்து, குருவுக்குப் பின்னால் மேடையில் உட்கார்ந்து கூடவே பாடி, லயத்தை ரத்தத்தில் ஏற்றிக்கொண்டார். 1954-இல் சங்கீத கலாநிதி. பின்னால் திருப்பதி இசைக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். அதுவும் தங்கிப் படித்த படிப்புதானே என்பார் வித்வான். தங்கல் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். நாயனா பிள்ளை வீட்டில் யாரும் இரண்டாவது டிகாக்‌ஷனைப் பற்றிக் கேட்டதாகத் தகவல் இல்லை.

இவ்வளவு தூரம் கேலி செய்துவிட்டேன். ஆனால் இவர் பணம் கட்டி எதற்கு வருகிறார் என்று யோசித்தால் எனக்குப் படுவது வேறு. முப்பத்தைந்து வருடம் ‘யெஸ் சார்’ மட்டுமே கேட்ட காது அது. இவர் எழுதிய குறிப்பில் இலக்கணப் பிழை இருந்தாலும் குமாஸ்தா திருத்தியதில்லை. வீட்டில் மனைவி திருத்துவார்தான், அது கணக்கில் சேராது. ஒரு சின்னப் பெண் முகத்துக்கு நேரே, “தப்பு சார், காந்தாரம் சேரலை, மறுபடி பாடுங்க” என்று சொல்வது அவருக்குப் பள்ளிக்கூடத்தோடு போன அனுபவம். முதல் நாள் வாதாடுவார். இரண்டாம் நாள் மௌனமாக இருப்பார். அன்று மத்தியானத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு மண்டபத்துப் பின்பக்கம், அடுப்பங்கரை ஓரமாக நின்று அந்தக் காந்தாரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் காலையில் எல்லாரிடமும் சொல்வார்: “என்னை மட்டும் ஏழு தடவை பாடச் சொன்னாங்க!” இந்தப் பெருமைக்குக் கட்டணம் குறைவுதான்.

ஞாயிறு மத்தியானம் கோஷ்டி கானம், சான்றிதழ், குரூப் போட்டோ. கோஷ்டியில் எல்லாருமே வித்வான். எந்த அபஸ்வரம் யாருடையது என்று பிரிக்க முடியாது. பிறகு கனவு ஒன்று மிச்சம். திருமலையில் கோயிலுக்கு எதிரே நாத நீராஜன மேடை இருக்கிறது. சாயங்காலம் அங்கே பாடினால் தேவஸ்தானத் தொலைக்காட்சியில் வரும், நியூஜெர்சியில் மைத்துனி பார்ப்பாள். “விண்ணப்பம் எங்கே சார் வாங்கணும்?” என்று அமைப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். ஆசிரியை காதில் விழுந்தால் “பரவாலேது சார், இன்னும் ரெண்டு முகாம் வாங்க” என்பாள். அவளும் வாடகை கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்பிய முதல் வாரம் வாட்ஸ்அப் குழுவில் அனல் பறக்கும். ஒவ்வொருவரும் பாடிப் பதிவு செய்து போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் கைகூப்பும் படம் அனுப்புவார்கள். இரண்டாம் வாரம் குட்மார்னிங் பூக்கள். மூன்றாம் வாரம் முழங்கால் வலிக்கு வைத்தியம். முகாமில் பதிவு செய்த பதினெட்டு மணி நேர வகுப்பு செல்பேசியில் பத்திரமாக இருக்கும். பேரன் விளையாட்டு ஒன்றைப் பதிவிறக்கும்போது இடம் போதாமல் அழிக்கப்படும்.

இவரால் சங்கீதத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள், சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் நேரத்தில் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். பரம ரசிகர்கள், தலைமுறை தலைமுறையாகச் சீசன் டிக்கெட் வாங்குகிறவர்கள், எழுந்து கேண்டீனுக்கு நடப்பார்கள். மிஸ்ரசாபுவை மூன்று நாள் தொடையில் தட்டி ஒருமுறைகூடச் சரியாக வந்து சேராத நம் வித்வான் மட்டும், மிருதங்கக்காரர் எங்கே போய் எப்படித் திரும்புகிறார் என்று வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார். கையில் தாளம் தப்பாகத்தான் இருக்கும். நம்பாவிட்டால் மிருதங்கக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தப்பாகத் தாளம் போட்டாலும் கடைசிவரை நாற்காலியில் இருக்கிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டும்.