கொக்குக்கு எந்தக் கேமரா?

கேள்வி: அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். பிச்சாவரத்துப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. தொழில்முறை மிரர்லெஸ் வாங்கலாமா, விலை குறைந்த சூப்பர்ஜூம் போதுமா?

பதில்: இப்போதைக்கு சூப்பர்ஜூம். மிரர்லெஸ் பாடியோடு செலவு நிற்காது. பறவைக்கு 400, 600 மி.மீ. லென்ஸ் வேண்டும், நல்ல லென்ஸின் விலை பல நேரம் பாடியையே மிஞ்சும். யானையைவிட அங்குசம் விலை கூடிய சந்தை இது!

2018-இல் வந்த நிக்கான் பி1000 என்ற சூப்பர்ஜூம், ஒரே லென்ஸில் 3000 மி.மீ.க்கு இணையாக எட்டிப் பார்க்கும். ஆனால் அதன் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் அதைப்போல் சுமார் 30 மடங்கு பெரிது. முழு ஜூமில் எஃப்/8-க்கு மேல் லென்ஸ் திறக்காது. பிச்சாவரத்தில் அலையாத்திக் கிளைகள் கவிந்த வாய்க்காலில் வெளிச்சம் கம்மி, படகு வேறு ஆடும். படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும்.

அதனால் வெயில் கொஞ்சம் ஏறட்டும். திறந்த நீர்ப்பரப்புக்கு வந்ததும் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு உங்களுக்காகவே காத்திருக்கும். மீன்கொத்தி பாய்வதைப் பிடிக்கத்தான் மிரர்லெஸ்ஸின் வேகமான ஃபோகஸ் வேண்டும். அதை வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாங்குங்கள்.

அங்குள்ள தில்லை மரத்தையும் படம் எடுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் அது. கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.