ரிஸ்ட்டு வாத்தியார்

திருப்பூர் ஷட்டில் கோர்ட்டுகளில் அதிகாலை தொடங்கிக் கம்பெனி திறக்கும் நேரம்வரை தென்படுபவர் ரிஸ்ட்டு வாத்தியார். அவரை யாரும் அமர்த்தியதில்லை, சம்பளமும் இல்லை. பெரும்பாலும் பனியன் கம்பெனிச் செக்கிங் மேசையில் ஆண்டுக்கணக்கில் நின்றவராக இருப்பார். ஓட்டை, நீடில் லைன், ஆயில் கறை என்று தேடிப் பழகிய கண் கோர்ட்டிலும் ஓய்வதில்லை. உள்ளே ஆடும் ஒவ்வொருவரும் அவருக்கு ஆல்டருக்குத் திருப்ப வேண்டிய பீஸ்தான்.

அவர் கண்டுபிடிக்கும் குறை ஒன்றே ஒன்று: மணிக்கட்டு. ஸ்மாஷ் வலையில் முட்டினால், “ரிஸ்ட்டு வரலீங்க தம்பி.” கோட்டைத் தாண்டிப் போனால், “ரிஸ்ட்டு ஜாஸ்தியாப் போச்சுங்க.” பேக்ஹேண்ட் பாதிக் கோர்ட்டில் செத்து விழுந்தால் ரிஸ்ட்டு. இறகு ஒடிந்தால் ரிஸ்ட்டு. முழங்காலில் பட்டை கட்டி நொண்டி வருபவரிடமும் முதலில் ரிஸ்ட்டைத்தான் விசாரிப்பார். 2023-இல் மணிக்கு 565 கிலோமீட்டர் வேக ஸ்மாஷ் அடித்துக் கின்னஸில் ஏறிய சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் ஆட்டத்தைச் செல்போனில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டுவார். காலின் உந்தல், இடுப்பின் திருப்பம், தோள், முழங்கை எல்லாம் திரையில் தெரியும். “பாத்தீங்களா, ரிஸ்ட்டு!” என்பார்.

உண்மையில் அடிக்கு வேகம் தருவதில் மணிக்கட்டைவிட முன்கைக்குத்தான் பங்கு அதிகம். முழங்கைக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று புரளும்போது பேட் விசிறித் திரும்புகிறது. பந்து படும் நொடியில் விரல்கள் இறுகுகின்றன. ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவுதான். அதற்குப் புஜபலம் வேண்டியதில்லை. ஆனால் தோசை திருப்புவதுபோல் பேட்டைப் பிடித்திருப்பவருக்கு முன்கை அப்படிப் புரளாது. திருத்த வேண்டியது பிடியை. கை குலுக்குவதுபோல் தளர்வாகப் பிடித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். பிடியை மாற்றாமல் ரிஸ்ட்டை மட்டும் வெட்டிப் பழகும் பையன் சில மாதங்களில் கை வலியோடு வந்து நிற்பான். அதற்கும் மருந்தாக அதே உபதேசம் கிடைக்கும்.

இன்னொரு சங்கடம், திருத்தம் வரும் நேரம். ஊறிய பழக்கத்தை மாற்ற ஒரு நேரத்தில் ஒரு குறையை எடுக்க வேண்டும். ஸ்கோர் எண்ணாமல், ஒருவர் ஷட்டில் போட்டுக்கொண்டே இருக்க, அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். புதுப் பிடி கைக்கு வரும்வரை ஆட்டம் முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும். வாத்தியாரோ 19-19-இல் ஆட்டத்தை நிறுத்தி வகுப்பெடுப்பார். அந்த வகுப்பில் வரும் விதியும் பழசு. சர்வீஸில் பந்தை அடிக்கும் உயரத்துக்கு இடுப்பு வரம்பு என்பது போய் 1.15 மீட்டர் என்ற கணக்கு வந்தது 2018-இல். அந்தச் செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அவருடைய சொந்தப் பிடி தோசைக்கரண்டிப் பிடிதான். ஆனாலும் டபுள்ஸில் வலையோரம் நின்றுகொண்டு, மேலே வரும் பந்தையெல்லாம் தட்டி வீழ்த்திப் புள்ளி எடுத்துவிடுவார். வலைக்கு மேலே தட்ட அந்தப் பிடி வசதி என்பது அவருக்குத் தெரியாது. வெற்றிக்குக் காரணம் ரிஸ்ட்டு என்றே நம்புகிறார்.

மனிதர் கெட்டவரல்ல. ஒடிசாவிலிருந்து தையலுக்கு வந்த பையன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால், தன் இரண்டாவது பேட்டைக் கையில் கொடுத்து உள்ளே இறக்கிவிடுவதும் அவர்தான். ஷட்டில் டப்பா தீர்ந்தால் கணக்குப் பார்க்காமல் புதிது உடைப்பதும் அவரே. பையனுக்குத் தமிழ் புரியாவிட்டால், தெரிந்த அரைகுறை இந்தியில் “ரிஸ்ட் லகாவ்” என்பார்.

இருந்தாலும் கோர்ட் வாடகை மணிக்கணக்கில். அதில் கால் பங்கு நேரம் ரிஸ்ட்டுக்கே போகிறது. ஆடும் நான்கு பேர் வாடகையை நான்காகப் பிரித்துக்கொள்வது வழக்கம். பெஞ்சிலிருந்து பேசுபவரையும் சேர்த்து ஐந்தாகப் பிரிப்பதே நியாயம்.