வடலூர் வட்டாரத்துக் கரும்புகை: மூவகை அளவையால் ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுக் களம்

எரிப்பது எப்படி என்று பிற ஊர்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி வடலூருக்கு உண்டு. 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பக்கத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இப்பேர்ப்பட்ட ஊரின் நாலு ரோட்டில், பழைய பிரீமியர் பத்மினி ஒன்று தன் 1089 சி.சி. எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலை எரிக்கத் தெரியாமல், பின்னால் வரும் டவுன் பஸ்ஸின் முகத்தில் கரும்புகை கக்குமானால் அது ஆராயத்தக்கதே.

2. நோயின் இலக்கணம்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேல் காற்று. இவ்விரண்டில் பங்க்கில் காசு வாங்குவது பெட்ரோலுக்கு மட்டுமே. காசு கொடுத்தது மிகுந்து, இலவசமாய்க் கிடைப்பது குறைந்த நிலையை 'மிக்சர் ரிச்' என்பர் மெக்கானிக்குகள். 'வண்டி பெட்ரோல் குடிக்குது' என்பர் வண்டிக்காரர்.

3. அளவைகள்

காட்சி: பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. முனை பிஸ்கட் நிறமாயின் கலவை சரி. வெளுத்திருப்பின் பெட்ரோல் போதவில்லை. விரலில் உலர்ந்த கரி ஒட்டினால் பெட்ரோல் மிகுதி. கருப்போடு எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் அது ரிங் தேய்மானம். கார்பரேட்டர்மேல் பழி போடலாகாது. குறிஞ்சிப்பாடி வரை ஓட்டி, எஞ்சினைச் சட்டென்று அணைத்துக் கழற்றிய பிளக்கே உண்மை பேசும். வெகுநேரம் ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக், பொய்ச்சாட்சி.

கருதல்: மலையில் புகை கண்டு அங்கே நெருப்புண்டு என அறிவது தருக்க நூலார் தொன்றுதொட்டுக் காட்டும் எடுத்துக்காட்டு. பத்மினிக்கு இது பொருந்தாது. அங்கே கரும்புகை கண்டால் நெருப்புப் போதவில்லை என்று கொள்க. நீலப்புகையாயின் எரிவது எஞ்சின் ஆயில்.

உரை: அறிந்தோர் சொல். இது டீக்கடையில் தாராளமாய்க் கிடைக்கும். "மிக்சர் ஸ்க்ரூவ லேசா டைட் பண்ணுண்ணே, சரியாப் போயிடும்" என்பாரும் உளர். அது பொருந்தாது, என்னை? சோலெக்ஸ் கார்பரேட்டரில் அந்த ஸ்க்ரூ ஐடிலிங்கை மட்டுமே ஆளும். வண்டி ஓடும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியே. "அப்ப ஜெட்ட மாத்து" என்பாரும் உளர். முன்னொரு மெக்கானிக் ஊசி விட்டுக் குடைந்திருந்தாலன்றி ஜெட்டின் துளை எளிதில் பெருகாது. "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான்ல, அதான் புகை" என்பாரும் உளர். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலவையில் பெட்ரோலின் மிகுதியைக் குறைக்குமே அன்றிக் கூட்டாது.

4. சிகிச்சை முறை

முதலாவது சோக். காலையில் இழுத்த கைப்பிடியைத் தள்ளிவிட்டதாக ஓட்டுநர் சத்தியம் செய்வார். கைப்பிடி உள்ளே போயிருக்கும். துருப்பிடித்த கம்பி இடையில் சிக்கி, கார்பரேட்டரில் உள்ள லீவர் பாதியில் நிற்கும். பானெட்டைத் திறந்து லீவரைப் பார்த்தபின் சத்தியத்தை ஏற்க.

இரண்டாவது ஏர் ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சற்று ஓட விட்டுப் பார்க்க. புகை குறைந்தால் குற்றவாளி அதுவே.

மூன்றாவது கார்பரேட்டருக்குள் இருக்கும் மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால், ஓட்டையானது உள்ளே பெட்ரோல் சலசலக்கக் காட்டிக்கொடுக்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி விடும். ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். உள்ளிருக்கும் பெட்ரோல் வற்றுமுன் பற்றுக்கோலை அருகே கொண்டுபோனால் ஆய்வும் ஆய்வாளரும் ஒருங்கே முடிவர். பற்று பெரிதானால் மிதவை கனத்துத் தாழும். பெட்ரோல் மட்டம் உயரும். ஓட்டை செய்த வேலையை அடைப்பே செய்யும்.

நான்காவது நீடில் வால்வு. அது தேய்ந்திருந்தால் மிதவை எவ்வளவு தள்ளினாலும் பெட்ரோல் வரும் வழியை மூடாது.

இந்நான்கில் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடுக. நாலையும் ஒருசேர மாற்றினால் வண்டி சரியாகலாம். எதனால் சரியானது என்பதில் டீக்கடை இரண்டுபடும்.

5. முடிபு

பெட்ரோல் மிகுதி எனப்படுவதில் பெரும்பகுதி, மூட வேண்டியது மூடாமையும் காற்றுக்கு வழி விடாமையுமே. ஸ்க்ரூவின் முறை கடைசியில்தான் வரும். இம்முடிபுக்கு நடைமுறையில் ஒரு தடை உண்டு. துருப்பிடித்த கம்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதற்கு எந்த வண்டிக்காரரும் கூலி தர இசையார். ஆகவே வேலையெல்லாம் முடிந்தபின், அவர் கண்ணெதிரே திருப்புளியை எடுத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விட்டு, அதே கால் சுற்று வெளியே எடுக்க. அதற்கு எவரும் பேரம் பேசார்.