பெரிய ஓட்டலுக்குப் போகத் திட்டமிடல்: பெரம்பூர் மரபு

ஒயின் பட்டியலே தனிப் புத்தகமாக வரும் பெரிய ஓட்டல் ஒன்றுக்குப் போவது என்று வடசென்னையின் பெரம்பூர்க் குடும்பம் ஒன்று பேச்செடுத்த நாள் முதல், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நிமிடம் வரையிலான காலம் திட்டமிடல் எனப்படும். சாப்பிடுவது இதில் சேராது. அது இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற சிறு காரியம். திட்டமிடலோ ஆறு வாரத்துக்குக் குறைந்து நடந்ததில்லை.

திட்டத்தின் முதல் தடை ஒரு சொல். "ஒயின்" என்று கூடத்தில் யாராவது உச்சரித்ததும் ஆயா ஜபமாலையையோ சுளகையோ கீழே வைக்கிறார். காரணம் மொழியியல் சார்ந்தது. தமிழ்நாட்டில் ஒயின் ஷாப் என்பது ஒயின் விற்கிற இடமன்று. பிராந்தியும் ரம்மும் விற்கிற இடம். அரசின் வாணிபக் கழகம் 1983-இல் தொடங்கப்பட்டு, சில்லறை விற்பனை 2003 நவம்பரில் அதன் கைக்கு முழுதாக வரும்வரை, ஏலம் எடுத்த தனியார் கடைகளின் பலகைகளில் சாமி பெயருக்கோ பிள்ளை பெயருக்கோ பின்னால் "ஒயின்ஸ்" என்று ஒட்டியிருந்தது. உள்ளே மிகக் குறைவாக விற்றது அதுதான். பலகைகள் மாறிவிட்டன, சொல் மாறவில்லை. ஆகவே "திராட்சை ரசம்" என்று மொழிபெயர்த்துச் சொல்வது பெரம்பூரின் முதல் உத்தி. ரசம் என்ற சொல்லுக்கு ஆயாவிடம் எதிர்ப்பு இல்லை.

உத்தி பலிக்காத வீடுகளில் இலக்கியச் சான்று காட்டப்படுகிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஊட்ட, உண்டு மகிழ்ந்து வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் வந்திறங்கிய இருகாது ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக, இறக்குமதி ஒயின் இந்தக் கரைக்கு வந்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. மேசையை முன்பதிவு செய்தது பற்றி அந்தப் பாட்டில் குறிப்பேதும் இல்லை. இச்சான்றுகளைக் கேட்டு மனம் மாறிய ஆயாக்கள் இதுவரை அறியப்படவில்லை. "ராஜா குடிச்சான், சரி. உங்கப்பனுக்கு ராஜான்னு நெனப்பா?" என்பதே வழக்கமான மறுமொழி.

உண்மையில் பெரம்பூருக்கு ஒயின் புதிதன்று. ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே நிலைத்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையலறையில், நவம்பர் கடைசி வாரம் ஒரு பீங்கான் ஜாடி இடம்பிடிக்கும். பன்னீர் திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, கையாலேயே மசித்து, சர்க்கரையும் கொதித்து ஆறிய நீரும் சேர்த்து, ஈஸ்ட்டு, ஒரு கைப்பிடி கோதுமை, நாலைந்து கிராம்பு, ஒரு துண்டு பட்டை போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைப்பார்கள். தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளற வேண்டும். ஈரக் கரண்டி ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் மேலே பூஞ்சை படர்ந்துவிடும். மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் கிறிஸ்துமஸுக்கு ஆகிவிடும். அந்த நாள்களில் மாடிப்படி முழுக்கப் புளிப்பும் கிராம்புமாக ஒரு வாடை நிற்கும். சட்டம் இந்த ஜாடியை எப்படிப் பார்க்கும் என்பது அந்த வீடுகளில் பேசப்படாத பொருள். பண்டிகையன்று பிளம் கேக்குத் துண்டோடு கீழ்வீட்டுக்கும் ஒரு சின்ன டம்ளர் வரும். "ஆன்ட்டி குடுத்தது" என்ற பெயரில் அதை ஆயாவும் ஒரு வாய் குடித்திருக்கிறார் என்பது திட்டமிடலின் இக்கட்டத்தில் வெளிப்படும் முக்கியச் சான்று. அதன்பின் எதிர்ப்பு தணிகிறது.

அடுத்தது இடம். இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய கட்சி, மவுண்ட் ரோடு பக்கம் பின்னி சாலையில் உள்ள கன்னிமாரா ஓட்டலை முன்மொழிகிறது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர் ஓட்டலுக்கு. பின்னி கம்பெனியின் பெயர் சாலைக்கு. அந்தக் கம்பெனி நடத்திய பக்கிங்காம் - கர்நாடிக் ஆலை, 1921-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்த அதே பி அண்ட் சி மில், பெரம்பூர் பக்கத்தில்தான் இருந்தது. தாத்தா நூல் சுற்றிய கம்பெனியின் பெயர் தாங்கிய தெருவில் பேரன் முள்கரண்டி பிடிப்பது ஒரு வரவு செலவுக் கணக்கைத் தீர்ப்பதாகும் என்பது இக்கட்சியின் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் பேரனுக்கு அந்த மில் தெரியாது.

புதிய கட்சி கிண்டியைக் காட்டுகிறது. அங்கே 2012-இல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழாவுக்குள் 2017 முதல் ஆவர்த்தனா என்ற உணவகம் நடக்கிறது. 2023-இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 30-ஆம் இடம் பெற்றது. ஒரு தாளச் சுற்றுக்கு ஆவர்த்தனம் என்று பெயர். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் ரசிகர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஊரில், சாப்பாட்டுக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. தென்னாட்டுச் சமையலைப் புதுக்கோலத்தில் 7 முதல் 13 வரையான சுற்றுகளாகப் பரிமாறுவது இதன் முறை. வடித்தெடுத்த தக்காளி ரசம் மார்ட்டினி கோப்பையில் வரும் என்ற செய்தி பெரம்பூரில் கடும் விவாதத்தை எழுப்புகிறது. ரசம் எதில் வருகிறது என்பது பிரச்சினை இல்லை. அது முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. "மொதல்லயே ரசம் ஊத்துனா சாம்பார் தீந்துபோச்சுன்னு அர்த்தம்டா" என்ற ஆயாவின் கூற்று, கல்யாணப் பந்தி அனுபவத்தின் அடிப்படையில் மறுக்க முடியாதது. இருந்தும் பெரும்பாலும் புதிய கட்சியே வெல்கிறது. பட்டியலில் இடம்பெற்றதை அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

செலவை அளக்கப் பெரம்பூரில் ரூபாய் பயன்படுவதில்லை, அலகு பிரியாணி. ஒரு தலைக்கு ஆகும் சில ஆயிரத்தை முதலில் பிளேட்டாகவும், பிறகு பக்கெட்டாகவும் மாற்றுவார்கள். "அந்தக் காசுக்கு" என்று தொடங்கும் வாக்கியங்கள் இவ்வாறு பிறக்கின்றன: அந்தக் காசுக்கு ஜமாலியா பேட்டை முழுக்கச் சோறு போடலாம், அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம். வரி இன்னொரு சிக்கல். மது சரக்கு-சேவை வரிக்குள் வராது; அதற்கு மாநிலத்தின் மதிப்புக்கூட்டு வரி. சாப்பாட்டுக்கோ, பெரிய நட்சத்திர ஓட்டல்களில் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி. ஒரே மேசை, இரண்டு சட்டம். சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தத் தகவலை வீட்டில் மனப்பாடமாக வைத்திருப்பவர் மாமா. அங்கே போனால் அவர் வாய் திறக்கமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாள் குறிப்பது திட்டமிடலின் இதயம்; ஆறு வாரத்தில் நான்கை இதுவே தின்றுவிடும். பணம் வரும் காலமும் வாய் திறக்கும் காலமும் ஒன்றாக வருவதில்லை என்பதே அடிப்படைச் சிக்கல். ரயில்வேயின் ஐசிஎஃப், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் குடும்பங்களுக்குக் கையில் மொத்தமாகக் காசு நிற்பது தசராவுக்கு முன் வரும் போனஸின்போது. 78 நாள் சம்பளம் என்பது அதன் பெயர். உச்சவரம்பின்படி 17,951 ரூபாய் என்பது அதன் உண்மை. அது வந்து சேர்வது பெரும்பாலும் புரட்டாசியில். பெருமாளுக்கு விரதம் இருக்கும் வீட்டில் அம்மாதம் முட்டை வாசனைகூட ஆகாது. ஐப்பசியில் தீபாவளி அந்தப் பணத்தைத் துணிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போகும். கார்த்திகையில் சித்தப்பா மாலை போடுவார். மகரஜோதி பார்த்துத்தான் கழற்றுவார். அவரை விட்டுப் போனால் ஆயுள் முழுக்கப் பேச்சு.

தை பிறந்ததும் வழி பிறக்க வேண்டும். ஆனால் மாட்டுப்பொங்கலன்று, கறிக்குழம்பு வைக்கும் வீட்டுக்கு ஒயின் மிகப் பொருந்துகிற அந்த ஒரு நாளில், திருவள்ளுவர் தினம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவரின் நாளில் பார்கள் மூடியிருப்பது நியாயமே. வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி, மே தினம், குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவையும் அப்படியே. மேல்வீட்டு ஆன்ட்டியையும் அழைப்பது என்றால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம் கழிகிறது. எதிர்வீட்டு பாயைக் கூட்டிச் செல்லும் யோசனை, அவர் ரசத்தோடு நிறுத்திக்கொள்வார் என்ற நிபந்தனையில் ஏற்கப்பட்டு, ரமலானில் தடைபடுகிறது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் கழித்தால், காலண்டரில் மிஞ்சுவது ஏறத்தாழ மூன்று சனிக்கிழமைகள். அவற்றில் ஒன்றில் யாராவது ஒரு கல்யாண வரவேற்பு வைத்திருப்பார்.

தொலைபேசியில் மேசை பதிவு செய்யும் பொறுப்பு, ஆங்கிலம் பேசும் பெண்ணிடம் ஒப்படைக்கப்படுகிறது. மற்ற எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள், ஸ்பீக்கர் போடப்படும். எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை தயாராக இருக்கும். ஒவ்வாமை ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு ஒருவரும் தயாராக இருப்பதில்லை. சித்தப்பாவுக்குக் கத்தரிக்காய் சேராது, அத்தைக்குக் கருவாடு சேராது, மாமாவுக்கு அத்தையின் தம்பி சேராது என்று பின்னணியில் எழும் குரல்களிலிருந்து தேர்ந்தெடுத்து அவள் சொல்ல வேண்டும். என்ன விசேஷம் என்று எதிர்முனை கேட்டால், கேக் இலவசமாக வரும் என்ற நம்பிக்கையில் ஒரு பிறந்தநாள் அங்கேயே உருவாக்கப்படும்.

உடை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா வேட்டிதான் கட்டுவார். வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப் 2014 ஜூலையில் உள்ளே விட மறுத்ததையடுத்து, அடுத்த மாதமே அப்படித் தடுப்பதற்கு எதிராகச் சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. மீறினால் 25,000 ரூபாய் அபராதமும் ஓராண்டு வரை சிறையும். அந்தச் செய்தித்தாள் துணுக்கு தாத்தாவின் சட்டைப்பையில் இருக்கும். யாரும் கேட்டதில்லை.

ஒயினுக்கான ஒத்திகை சாப்பாட்டு மேசையிலேயே நடக்கும். 750 மில்லி புட்டி ஐந்து கோப்பைக்கு வரும் என்ற கணக்கு பிடிபட நேரமாகாது. முதலில் ஒரு வாய் அளவு ஊற்றிக் காட்டுவது ருசி பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கன்று, சரக்கு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கே என்பதுதான் ஏற மறுக்கும் பாடம். தக்கையிலிருந்து ஒருவகை வேதிப்பொருள் கலந்திருந்தால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். டிசம்பர் தோறும் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் வடசென்னைக்காரர் மூக்குக்கு இதில் தனிப் பயிற்சி வேண்டாம். கோப்பையைச் சுழற்றுவது காற்றுப் பட்டு மணம் எழும்புவதற்காக. டீ மாஸ்டர் கை உயரத்துக்கு ஆற்றுவதும் பாதி அதற்குத்தான். ஆனால் சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிப் பழகியதில் மேசைவிரிப்பு நனைந்ததுதான் மிச்சம். கோப்பைக்குக் கால் உண்டு, டம்ளருக்கு இல்லை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்த வேண்டும் என்ற பழைய விதி, 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை நிற்கும் ஐரோப்பிய அறைக்கு உரியது. மே மாதப் பெரம்பூர் அறையில் அந்த விதியைக் கடைப்பிடித்தால் ஆயா சொன்ன ரசமே கிடைக்கும்.

பயணத்துக்கு 29சி பேருந்து எல்லோர் நாவிலும் வரும். பெசன்ட் நகர் வரை போகிற அந்தப் பேருந்துக்குக் கிண்டி வழியில்லை என்பது பிறகு உறைக்கும். சொந்த வண்டியில் போவதும் ஆகாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் காசுக்கு எத்தனை பிளேட் என்று மாமா கணக்குப் போட்டுவிடுவார். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் ஓட்டலுக்கு அருகே உள்ள சின்னமலை போவதே மலிவு. இந்த வழியை அனைவரும் ஏற்றுக்கொண்டபின், பட்டுப்புடவையோடு படியேற முடியாது என்று அத்தை சொல்ல, கேப் முடிவாகும்.

கடைசி விவாதம் வயிறு பற்றியது. சின்னச் சின்னதாகத்தான் வரும், போகுமுன் நாலு இட்லி போட்டுக்கொள்வது நல்லது என்கிறது ஒரு கட்சி. கொடுக்கிற காசுக்குக் காலையிலிருந்து பட்டினி கிடக்க வேண்டும் என்கிறது மற்றது. சமரசமாகத் தலைக்கு இரண்டு இட்லி. பாத்திரம் கழுவி, சிலிண்டரை மூடி, ஆயாவின் மாத்திரையைக் கைப்பையில் போட்டு, கேப் டிரைவர் "லொகேஷன்ல நிக்கிறேன் சார், எங்க இருக்கீங்க?" என்று மூன்றாம் முறை கேட்கும்போது, தாத்தா பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். திட்டமிடல் அத்துடன் முடிகிறது.