நம்ம காலேஜ் ஆளு

பேப்பரில் எவர் பெயர் கொஞ்சம் பெரிதாக வந்தாலும் காலை ஏழு மணிக்குள் செக்ரட்டரி சாரிடமிருந்து போன் வந்துவிடும்.

"தம்பி, பேப்பர் பார்த்தியா? நம்ம காலேஜ் ஆளு!"

எந்த வருஷம், எந்த டிபார்ட்மெண்ட் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால், "அதத்தான் விசாரிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார். முதலில் உரிமை கொண்டாடிவிடுவது, அப்புறம் ஆதாரம் தேடுவது. நிலத்தில் இந்த வேலையைச் செய்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். பழைய மாணவர் சங்கத்தில் செய்தால் ஆயுசுக்கும் செயலாளராக வைத்துக்கொள்கிறார்கள்.

ஆயுசுக்கும் செயலாளர் என்று எங்கள் விதிமுறையில் ஒன்றும் கிடையாது. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் முறையாகப் பதிவான சங்கம் எங்களுடையது. பொதுக்குழு கூடும், தேர்தலும் நடக்கும். "பொறுப்பேத்துக்க வேற யாராவது முன்வரீங்களா?" என்று மேடையிலிருந்து சார் கேட்பார். அந்த நேரம் பார்த்துச் சபை மொத்தமும் வடை வரும் திசையில் திரும்பிக்கொள்ளும். தேர்தல் முடிந்தது.

ஒருவரை நம்ம காலேஜ் ஆள் என்று சொல்ல, அவர் நம்ம காலேஜில் படித்திருக்க வேண்டும் என்பது சாமானியர்களின் எண்ணம். சார் அந்த நிலையைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர் நம்ம ஆள், அதில் யாருக்கும் தகராறில்லை. சேர்ந்த ஒரு மாதத்தில் இன்ஜினியரிங் சீட் கிடைத்து டி.சி. வாங்கிக்கொண்டு ஓடியவரும் நம்ம ஆள்தான், ஏனென்றால் "அஸ்திவாரம் போட்டது யாரு?" விண்ணப்பம் வாங்கிவிட்டுச் சேராமலே போனவர்கூட நம்ம ஆள். "மனசுல நம்ம காலேஜ் இருந்திருக்கில்ல, அது போதும்."

குரூப் ஒன் தேறி டி.எஸ்.பி. ஆன ஒரு பெண்மணியின் படம் ஒருமுறை ஆண்டு மலரில் முழுப்பக்கம் வந்தது. அவர் படித்ததெல்லாம் கோயம்புத்தூர்ப் பக்கம். இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று குடைந்து பார்த்ததில், அவர் தேர்வு எழுதிய மையம் எங்கள் கல்லூரி. கெமிஸ்ட்ரி பிளாக், முதல் மாடி. இதைக் கேட்கப் போன என்னைச் சார் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க எந்த பெஞ்சுல உக்காந்து எழுதுனாங்க? அந்த பெஞ்சு யாரு பெஞ்சு?" என் பெஞ்சாகவேகூட இருக்கலாம். நான் அதில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அரியர்தான் என்பது வேறு விஷயம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கே ரயில்வே பள்ளி, அப்புறம் பாலிடெக்னிக், சென்னையில் இன்ஜினியரிங், திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று அவர் கால் வைத்த ஒவ்வொரு இடத்துக்கும் அன்று ராத்திரி பட்டாசு வெடிக்க நியாயம் இருந்தது. சார் மட்டும் தூங்கவில்லை. இத்தனை இடத்தில் படித்த மனுஷன் நம்மிடம் ஒரு செமஸ்டர் படித்திருக்கக் கூடாதா? மறுநாள் காலை போனில் குரல் தெம்பாக இருந்தது. "தம்பி, விழுப்புரத்துக்கு ரயில் எந்த வழியா போகுது? நம்ம காலேஜ் பின்பக்கமாத்தானே?" தண்டவாளம் என்னவோ பின்பக்கம்தான் ஓடுகிறது. 'நமது கல்லூரியைப் பலமுறை கடந்து சென்ற விஞ்ஞானி' என்று ஒரு தலைப்புப் போடலாமா என்று ஆலோசனை கேட்டார். பெயரைப் போட்டால் கேள்வி வரும், பெயர் இல்லாமல் போட்டால் மதிப்பிருக்காது என்று அவரே சொல்லிவிட்டு, மனசில்லாமல் கைவிட்டார்.

பிரசிடென்சி கல்லூரி என்றால் சாருக்கு ஆகாது. சர் சி.வி. ராமன் அங்கே படித்தவர், 1930-இல் நோபல். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அங்கேயே படித்தவர், 1983-இல் நோபல். ஒரே குடும்பம், ஒரே கல்லூரி, இரண்டு பரிசு. "இது அநியாயம் தம்பி. ஒண்ணையாவது மாவட்டத்துக்கு விட்டிருக்கலாம்."

ராமானுஜன் விஷயத்தில் அவருக்கு இருப்பது கோபமில்லை, வயிற்றெரிச்சல். ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காததால் உதவித்தொகை போயிற்று, படிப்பும் போயிற்று. அடுத்து சென்னை பச்சையப்பன். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. கும்பகோணம் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அங்கே தேறாதவர் 1914-இல் நிஜக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இன்றைக்கு இரண்டு கல்லூரிகளுமே அவரைத் தங்கள் பிள்ளையென்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கின்றன. "ஒருத்தர ஃபெயிலாக்குனதுக்கு இவ்வளவு பேரு கெடைக்குதா? நாம எத்தன பேர ஃபெயிலாக்கியிருக்கோம்! ஒருத்தன்கூடத் திரும்பி வந்து பேர் வாங்கித் தரலையே!" இந்த ஆதங்கத்துக்கு எந்தப் பொதுக்குழுவிலும் தீர்மானம் போட முடியாது.

இந்த வியாதி எங்கள் ஊரோடு நிற்பதல்ல என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 2009-இல் வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, அவர் சிதம்பரத்தில் பிறந்தவர் என்ற ஒரே பிடியை வைத்துக்கொண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்தவர்களெல்லாம் கிளம்பி வந்தார்கள். அவரோ மூன்று வயதிலேயே ஊரை விட்டுப் போனவர், கல்லூரிப் படிப்பு பரோடாவில். நான் அங்கே படிக்கவே இல்லை, ஆளை விடுங்கள் என்கிற மாதிரி அவரே வெளிப்படையாகச் சலித்துக்கொள்ள வேண்டி வந்தது. இதைப் பாடமாக இருக்கட்டும் என்று சாரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். "மூணு வருஷம் அந்தக் காத்தச் சுவாசிச்சிருக்காரா இல்லையா? நம்ம டிகிரியும் மூணு வருஷந்தானே?" என்றார்.

மலரின் சாதனைப் பகுதியில் எல்லோரும் நீலக் கோட்டும் சிவப்பு டையும் அணிந்திருப்பார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோக்காரப் பையனின் கம்ப்யூட்டரில் அந்தக் கோட் இருக்கிறது. தலையை மட்டும் மாற்றுவான். பரதநாட்டியத்தில் பெயரெடுத்த ஒரு அம்மாவுக்கும் மாட்டிவிட்டு, அவர் குடும்பம் சண்டைக்கு வந்ததிலிருந்து பெண்களுக்கு மட்டும் விலக்கு.

வசூல் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் கிருஷ்ணா சிவுகுலா என்பவர், 1970-ஆம் வருஷத்து எம்.டெக்., தான் படித்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அந்தச் செய்தியைச் சார் கத்தரித்து லேமினேட் செய்து ரெக்ஸின் பையில் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். அட்டையை எடுத்து டீப்பாயில் நம் பக்கம் திருப்பி வைப்பார். நாம் படித்து முடிக்கும்வரை காபியை ஆற்றிக்கொண்டிருப்பார். "நான் கோடி கேக்கல தம்பி. சந்தா ஆயிரம், மலருக்குக் கால் பக்க விளம்பரம் ஐந்நூறு." 228 கோடியைப் படித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு இல்லையென்று சொல்ல எவனுக்கு நாக்கு எழும்? கட்டிவிட்டேன். எனக்கு வியாபாரமே கிடையாது. 'வாழ்த்துகளுடன்' என்று என் பெயரைக் கால் பக்கம் முழுக்கப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எனக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் விசாரித்தார்கள்.

கல்லூரிக்காரர்களுக்கு எங்கள் ஞாபகம் வருவது நாக் குழு வரும் வருஷம். தர மதிப்பீட்டில் பழைய மாணவர் பங்களிப்பு என்று தனியாக ஒரு தலைப்பு இருக்கிறதாம். மற்ற வருஷமெல்லாம் கேட்டில் நிறுத்தி யாரைப் பார்க்கணும் என்று கேட்கும் வாட்ச்மேன், அந்த வருஷம் நாற்காலி எடுத்துப் போடுவார்.

போகட்டும். இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் கல்லூரியில் பாதிக்குமேல் வீட்டில் முதலாவதாகக் காலேஜ் படி ஏறிய பிள்ளைகள். படித்து முடித்து வி.ஏ.ஓ. ஆனார்கள், தொடக்கப் பள்ளி டீச்சர் ஆனார்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனார்கள், மளிகைக் கடை வைத்தார்கள். வருஷா வருஷம் கூட்டத்துக்கு வருவதும் சந்தா கட்டுவதும் இவர்கள்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெஞ்சில் எழுதிய டி.எஸ்.பி.க்குக் கைதட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். இவர்கள் பெயர் அச்சில் வரும் ஒரே இடம் சந்தா பாக்கிப் பட்டியல். இது சரியில்லை என்று நான் எழுத்திலேயே கொடுத்தேன். 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. கொடுத்ததும் சாரிடம், பதில் எழுதியதும் சார்.

என் செட்டில் கெமிஸ்ட்ரி படித்த ஒருவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஜூனில் அட்மிஷன் நடக்கும்போது டூட்டிக்கு நடுவே கல்லூரி ஆபீசுக்கு வருவார். பணம் கட்ட முடியாமல் கவுண்டரிலிருந்து திரும்பும் பிள்ளை யாரென்று கிளார்க்கிடம் கேட்பார். சட்டைப் பையிலிருந்து எண்ணிக் கட்டுவார், ரசீதைப் பிள்ளை கையில் கொடுப்பார், பேரைக்கூடக் கேட்க மாட்டார், டிப்போவுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு வருஷமும் இது நடக்கிறது. இதைச் சாதனைப் பகுதியில் போடச் சொன்னேன்.

"நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா சாதனைன்னு போட்டா படிக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"என்ன நெனைப்பாங்க?"

"நம்ம காலேஜ்ல படிச்சா கண்டக்டர்தான் ஆகலாம்போலன்னு நெனைச்சிட்டா?"

எனக்கு வந்த கோபத்தில் சங்கத்தை விட்டே விலகுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். சார் பதறவில்லை. ரெக்ஸின் பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். உறுப்பினர் பதிவேடு. யார் எந்த ஊருக்கு மாற்றலானார், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு பைபாஸ், யார் தவறிப்போனார் எல்லாம் அவர் கையெழுத்தில். தவறியவர்களின் பெயரைச் சிவப்பில் அடிக்காமல் பக்கத்தில் பென்சிலில் தேதி மட்டும் போட்டிருக்கிறார். கண்டக்டரின் பக்கத்தைக் காட்டினார். அவர் அப்பா இறந்த தேதி இருந்தது, 'மாலை, நேரில்' என்று குறித்திருந்தது. அன்றைக்கு எங்கள் செட்டில் ஒருவரும் போகவில்லை. சார் இரண்டு பஸ் மாறி அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறார். இந்த மனுஷனிடம் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் விட மாட்டேன் என்கிறார்.

"சரி, போடறேன்" என்றார் நோட்டை மூடிவிட்டு. "வார்த்தைய மட்டும் என்கிட்ட விட்டுடு."

விட்டேன். மலர் வந்தது. பதினாலாம் பக்கத்தில், சாதனைப் பகுதியில், 'போக்குவரத்துத் துறையில் பொறுப்பு வாய்ந்த பதவியில், நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்களை நேரில் சந்தித்துவரும் நமது முன்னாள் மாணவர்'. நீலக் கோட், சிவப்பு டை. பீஸ் கட்டிய விஷயம் ஒரு வரிகூட இல்லை. இடம் போதவில்லையாம்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். டீக்கடையில் நின்றபடி கண்டக்டர் படித்தார். படத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். டிரைவரிடம் காட்டினார். அவரும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கண்டக்டர். "ஒண்ணு மட்டும் செக்ரட்டரி சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. இந்தப் பதவி எந்தத் தேதியிலேர்ந்து? அரியர்ஸ் வரவேண்டியிருக்கு."