நாகங்கள் குடிமாறிய கதை

2011 ஜூன் கடைசி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒவ்வொன்றாகத் திறந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு அறைகள். ஏ முதல் எஃப் வரை எழுத்து போட்டிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் சி.எஸ். ராஜனும் எம்.என். கிருஷ்ணனும் மேற்பார்வை. பி அறைக்கு வந்தார்கள். வெளியே கம்பிக் கதவு, திறந்தது. அடுத்து மரக் கதவு, அதுவும் திறந்தது. அதற்கும் உள்ளே ஓர் இரும்புக் கதவு. அது அசையவில்லை.

கடற்கரை ஊரில் பழைய இரும்புக் கதவு திறக்கவில்லை என்றால் நீங்களும் நானும் துருவைத்தான் சந்தேகப்படுவோம். குழுவும் அப்படித்தான் நினைத்தது. பூட்டு வேலை தெரிந்தவரை வரவழைக்கலாம் என்று தீர்மானித்தார்கள். அவர் வேலையைத் தொடங்குவதற்குள் திருவிதாங்கூர் அரச குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. நடந்தது மொத்தமே இவ்வளவுதான்.

ஊருக்கு இது போதுமா? மூன்றாவது கதவுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, இரண்டு நாகங்கள் மட்டும் செதுக்கியிருக்கிறது என்றார்கள். நாகபந்தம் போட்டு அடைத்தது. கருட மந்திரத்தைப் பிசகாமல் சொல்லத் தெரிந்த சாது வந்தால் தானே திறக்கும். பிசகினால் சொன்னவர் காலி. கதவில் காதை வைத்தால் அலைச் சத்தம் கேட்கும். உடைத்தால் கடல் உள்ளே வரும், ஊர் முழுகும். இந்தக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடு நிற்க வேண்டும். செல்போன், கேமரா எதுவும் வாசலைத் தாண்டாது. ஆனாலும் அந்த நாகக் கதவின் 'போட்டோ' நம் ஊர்க் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் குறைந்தது மூன்று வெவ்வேறு டிசைனில் கிடைக்கிறது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம். 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் சும்மா இருக்கிற ஆளில்லை. பக்கத்துச் சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக வளைத்துப்போட்டார். 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். இத்தனையும் முடித்துவிட்டு 1750-ல் ஒரு காரியம் செய்தார் பாருங்கள்: பிடித்த நாடு மொத்தத்தையும் பத்மநாபர் பெயருக்கு எழுதிவைத்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். இனி நாட்டுக்குச் சொந்தக்காரர் பெருமாள். ராஜா வெறும் பத்மநாப தாசன். ராஜாவை எதிர்த்தால் அரசியல், பெருமாளை எதிர்த்தால் பாவம். பினாமியாகப் பெருமாளையே பிடித்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை தட்டத் தோன்றுகிறது. பட்டா சாமி பெயரில் போன பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்பது?

அந்தப் பெருமாளையே பாருங்கள். அனந்தன் மேல் 18 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். ஒரே பார்வையில் முழுசாகக் காண முடியாது. முதல் வாசலில் முகம், நடுவாசலில் நாபி, கடைசி வாசலில் பாதம் என்று தவணை முறையில் தரிசனம். பின்னாலிருந்து தள்ளுகிற கூட்டத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு விநாடி கிடைத்தால் பாக்கியம். எண்ணெய் விளக்கு வெளிச்சம், கறுத்த திருமேனி, நடுவில் சுவர் மறைக்கிற பாகத்தை மனசே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பக்தர் முழுப் பெருமாளையும் பார்த்ததாகத்தான் சொல்வார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர் பார்த்தார். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஊர் பி அறையில் முதல் இரண்டு கதவுகளைக் கேள்விப்பட்டதும் மூன்றாவதற்குப் பின்னால் இருப்பதை எவ்வளவு சுளுவாகப் பார்த்திருக்கும்!

சரி, பாம்பு எப்போது உள்ளே போனது? தேடிப் போனால் ஒரு டூரிஸ்ட் வழிகாட்டிப் புத்தகத்தில் போய் நிற்கிறோம். எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1933-ல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதியது. இவர் கணவர் ஸ்பென்சர் ஹாட்ச் நம் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் கிராமப் புனரமைப்பு வேலை பார்த்தவர். சுமார் 25 வருஷத்துக்கு முன்பு, அதாவது 1908 வாக்கில், ஒரு கூட்டம் நிலவறைக்குள் இறங்கப் பார்த்ததாகவும், நாகங்கள் நிறைந்திருப்பதைக் கண்டு உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடிவந்ததாகவும் அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு முந்தைய செவிவழிச் சேதி. ஆனால் அச்சில் ஏறிவிட்டதே! அதிலும் ஒரு வெள்ளைக்காரி இங்கிலீஷில் எழுதியது. பாட்டி சொன்னால் கதை, அதையே துரைசானி எழுதினால் ஆதாரம்.

அந்தப் புத்தகம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1931 டிசம்பரில், இளம் மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்தில் நிலவறை திறந்து பொற்காசும் வெள்ளிக்காசும் கண்ட செய்தி பத்திரிகையிலேயே வந்தது. அது யாருக்காவது நினைவிருக்கிறதா? காசைப் பார்த்தார்கள், மூடினார்கள் என்பதில் என்ன சுவாரசியம்? பாம்பைப் பார்த்தார்கள், ஓடினார்கள் என்றால்தான் கேட்கிறவனும் கொஞ்ச தூரம் கூடவே ஓடுவான்.

உயிரியல் பார்வையிலும் ஒரு வார்த்தை. நாகப்பாம்பு இருபது இருபத்தைந்து வருஷம் இருந்தாலே தீர்க்காயுசு. 1908-ல் உள்ளே இருந்தது 2011-லும் இருந்தால் அதற்கு நூறு வயதுக்கு மேல். இல்லை, பிள்ளை குட்டி பேரன் என்று பெருகியிருக்கிறது என்றால், சாப்பாடு? எலி வேண்டும், தவளை வேண்டும். எலி வர வழி இருந்தால் பொந்து இருக்கிறது என்று அர்த்தம். பொந்து இருந்தால் நாகபந்தம் என்ன பந்தம்? இதையெல்லாம் கேட்டால், "தெய்வ சங்கதியில் கணக்குப் பார்க்கலாமா சார்?" என்பார்கள். தங்கத்துக்கு மட்டும் பார்க்கலாம் போலிருக்கிறது.

அலைச் சத்தத்துக்கும் இதே கதிதான். சொம்பைக் காதில் கவிழ்த்தாலும் அலை கேட்கும். சுற்றியிருக்கிற இரைச்சல் காலி இடத்துக்குள் எதிரொலிப்பதுதான் விஷயம். சங்குமுகம் கடற்கரை கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை ஆராட்டுக்காகப் பெருமாள் அங்கே போகிறார். வழியில் விமான நிலையம். ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போக வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். நிலவறையிலிருந்து கடலுக்குச் சுரங்கம் இருந்திருந்தால் அவருக்கு இந்த அலைச்சல் எதற்கு?

இப்போது ஏ அறை. நூறு வருஷத்துக்கு மேல் திறக்காதவை என்று ஏ, பி இரண்டையும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாகம் இருப்பது இரண்டில் எது என்பதில் கர்ணபரம்பரை அவ்வளவு கறார் காட்டியதில்லை. ஏ அறையின் கனத்த கல்லைப் புரட்டிக் குறுகிய படிகளில் இறங்கினார்கள். மூட்டை மூட்டையாகப் பொற்காசு, 18 அடி நீளச் சங்கிலி, ரத்தினம் என்று செய்திகள் கொட்டின. பாம்பு ஒன்றுகூட இல்லை. கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டாமா? முடியவில்லை. நாகங்கள் மூட்டை முடிச்சோடு பி அறைக்குக் குடிபோய்விட்டன. 'ஏ-யில் இல்லையா? அப்படியானால் எல்லாம் பி-யில்தான்.' பாதி தோற்ற நம்பிக்கை மீதியில் இரண்டு மடங்கு பலம் பெற்றுக்கொண்டது.

ஜூலை 17-ம் தேதி டி.பி. சுந்தரராஜன் காலமானார். நிலவறைகளைத் திறக்கவைத்த வழக்கைத் தொடுத்தவர், முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரி; கோயிலை ஒட்டிக் குடியிருந்த பத்மநாப பக்தர். வயது 70, காய்ச்சல். அடுத்த காலையே 'நாக சாபம்' என்று பேச்சு. பி அறையைத் திறந்தால்தானே சாபம்? அது திறக்கப்படவே இல்லையே! முன்கூட்டியே பலித்த சாபத்தை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. திறக்கக் கூடாது என்று வழக்காடிய அரச குடும்பத் தலைவர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மரும் 2013 டிசம்பரில், 91 வயதில் காலமானார். அதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை, அது வயோதிகம். பொருந்துகிற சாவு சாபம், பொருந்தாத சாவு ஆயுசு.

2011 ஆகஸ்டில் அஷ்டமங்கல தேவப்பிரசன்னம் என்கிற ஜோதிடச் சடங்கு வைத்தார்கள். பி அறையைத் திறக்கிறவர்களுக்கும் வம்சத்துக்கும் ஆபத்து என்று பலன் வந்தது. 'ஒன்றும் ஆகாது, திறந்துகொள்ளுங்கள்' என்று வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இது வரைக்கும் படித்துச் சிரித்த பகுத்தறிவு நண்பர்கள் கொஞ்சம் நிற்கவும். 'ஒரு லட்சம் கோடி' என்று நீங்களும்தானே சொன்னீர்கள்? அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? எடை போட்டு, தரம் பார்த்து, விலை கட்டுவதற்கான நிபுணர் குழுவை நீதிமன்றம் அமைத்ததே அந்த எண் உலகம் சுற்றி வந்த பிறகுதான். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதை 2,200 கோடி டாலர் என்று மாற்றி எழுதியதும் தொகைக்கு ஒரு துல்லியம் வந்துவிட்டது. பாம்பை நம்பாத ஆட்கள் பூஜ்ஜியங்களை நம்பினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன், அரண்மனைக்குப் போகிற பாயசப் பாத்திரத்தில் தங்கம் கடத்தப்படுகிறது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். கம்யூனிஸ்ட் கதை சொன்னாலும் அதில் பாயசம் வந்துவிடுகிறது, அதுதான் கேரளம்.

விஞ்ஞானிகளும் விதிவிலக்கில்லை. 2001 ஜூலையில் கோட்டயம், இடுக்கிப் பக்கம் சிவப்பு மழை பெய்தது. திருவனந்தபுரம் ஆக்குளத்திலிருக்கிற புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் கையை நீட்டியது வானத்தைப் பார்த்துத்தான்: விண்கல் வெடித்த தூசி என்றார்கள். சில நாளில் அதை அவர்களே வாபஸ் வாங்கினார்கள். பாலோடு என்கிற ஊரின் தாவரவியல் பூங்காவில் அந்தச் சிவப்புத் துகள்களை வளர்த்துப் பார்த்தபோது, மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளர்கிற பாசியின் வித்து என்று தெரிந்தது. அவர்களுக்கு ஒரு வசதி, மழையை வாளியில் பிடித்துவைக்க முடிந்தது. அப்படியும் இரண்டு இயற்பியல்காரர்கள் அது வேற்றுலக உயிரணு என்று 2006-ல் கட்டுரை எழுதி உலகப் புகழ் பெற்றார்கள்.

பி அறைக்குத் திரும்புவோம். கோயில் கணக்கைத் தணிக்கை செய்ய 2014-ல் உச்ச நீதிமன்றம் வினோத் ராயை நியமித்தது. ஸ்பெக்ட்ரம், நிலக்கரி என்று மத்திய அரசையே கலங்கடித்த முன்னாள் தலைமைத் தணிக்கையாளர். அவர் அறிக்கை சாவதானமாக ஒரு குண்டைப் போட்டது: 'ஒருபோதும் திறக்காத' பி அறை 1990-ல் இரண்டு முறை, 2002-ல் ஐந்து முறை, ஆகக் குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது. மந்திரமில்லை, சாதுவில்லை, கடலும் வரவில்லை. சாவி இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாகங்கள் என்ன செய்யும் பாவம்? இன்னொரு முறை வீடு மாறின. திறந்தது முன்னறை மட்டும், உள்ளறையை யாரும் தொட்டதில்லை என்று அரச குடும்பம் விளக்கம் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். இரும்புக் கதவுக்கு அப்பால் போனவர் யாரும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் அமைப்பின் அழகைக் கவனியுங்கள்: ஏ-யிலிருந்து பி, பி-யின் முன்னறையிலிருந்து உள்ளறை. நாளைக்கு உள்ளறையைத் திறந்து வெறும் தரையைப் பார்த்தாலும் தரைக்குக் கீழே இடமா இல்லை?

2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லி, பி அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் குழுக்களின் தலையில் கட்டியது. அடுத்த வருஷம் செப்டம்பரில் நிர்வாகக் குழு அதே நீதிமன்றத்தில் போய்க் கையைப் பிசைந்தது: மாதம் செலவு ஒன்றேகால் கோடி, வருமானம் அறுபது எழுபது லட்சம்தான், சமாளிக்க முடியவில்லை. இத்தனை வருஷக் கூத்தில் பொறுப்புள்ளவர்கள் வரவு செலவு பார்த்துச் சொன்ன தொகை அது.

சாலை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிற தமிழர் ஒருவரிடம் சாமான் வாங்கும்போது அதைச் சொன்னேன்.

"கோயில்ல பணமில்லையாம் அண்ணாச்சி."

தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு சொன்னது சார்? அதெல்லாம் பச்சப் பொய்யி" என்றார்.

"அப்போ அந்தப் பாம்பு?"

"அது உள்ளது" என்று பருப்பைப் பொட்டலம் கட்டினார்.