அமாவாசை மெயின்டெய்னர்

கல்யாண வீட்டில் யாராவது "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டால், ஆபீஸ் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா? என்னால் முடியாது. "அது போக, டெபியன்ல ஒரு பேக்கேஜ் பார்த்துக்கறேன்" என்பேன். "சைடு பிசினஸா? என்ன தேறும்?" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வார் அவர். "ஒண்ணும் தரமாட்டாங்க." "வேலையாவது கம்மியா?" "சில நாள் ராத்திரி பூரா ஆகும்." அதற்குள் அவருக்குப் பந்தியில் இடம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் எழுந்து போய்விடுவார்.

உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்து வீடு, எழுந்து எங்கே போய்விடுவீர்கள்?

டெபியன் என்பது விண்டோசுக்குப் பதிலாகக் கணினியில் போட்டுக்கொள்கிற லினக்ஸ் வகைகளில் ஒன்று. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தது. தன் பெயரோடு காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து, அதுவும் காதலி பெயரை முன்னால் போட்டு, டெபியன் என்று வைத்தார். இந்தக் கதையை ஒரு நல்ல நேரம் பார்த்து என் மனைவியிடம் சொன்னேன். "நீங்க என் பேரை எதுக்காவது வெச்சிருக்கீங்களா?" என்றாள். "பாஸ்வேர்டுக்கு வெச்சிருந்தேன். ரொம்ப பலவீனமா இருக்குன்னு மாத்தச் சொல்லிட்டாங்க" என்றேன். அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

இந்த உலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். எழுதி முடித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வைத்துவிட்டு அவர் போய்விடுவார். அதை எடுத்து, உரிமக் காகிதங்கள் சரியா என்று பார்த்து, டெபியனின் சட்டதிட்டங்களுக்கு உட்படுத்தி, ஒரே வரிக் கட்டளையில் யார் கணினியிலும் இறங்கி உட்காரும்படி கட்டித் தருகிறவர்தான் மெயின்டெய்னர். எழுதியவருக்குப் புகழ், இறக்கிக்கொண்டவருக்குப் பயன், நடுவில் இருக்கிறவனுக்குப் புகார்க் கடிதம்.

2025 ஆகஸ்டில் வந்த டிரிக்ஸி பதிப்பில் ஏறக்குறைய 70,000 பேக்கேஜ்கள். உலகம் முழுக்க அதிகாரபூர்வ டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் மேலே ஏறும் என்ற நிலையில் என்னைப் போன்ற சில்லறைகள் இன்னும் பலர். டிரிக்ஸி என்பது டாய் ஸ்டோரி படங்களில் வரும் ஒரு பொம்மை. பதிப்புப் பெயர்கள் எல்லாமே அந்தப் படங்களிலிருந்துதான். புதுசு புதுசாக எல்லாவற்றையும் முதலில் கொட்டிப் பார்க்கிற கிளைக்கு மட்டும் சித் என்று நிரந்தரப் பெயர்; அது படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுகிற பக்கத்து வீட்டுப் பையன். நான் குடித்தனம் நடத்துவது சித்தில்.

என் பேக்கேஜ் என்ன செய்யும் என்றுதானே கேட்கிறீர்கள்? கட்டளைத் திரையில் அதன் பெயரைத் தட்டினால் இன்றைக்கு என்ன பிறை என்று சொல்லும். அமாவாசை, வளர்பிறை, பௌர்ணமி எல்லாம் சொல்லும். முதன்முதலில் பெருமையோடு வீட்டில் ஓட்டிக் காட்டியபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. போய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்தது.

எத்தனை பேர் இதை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் வழி இருக்கிறது. சம்மதித்தவர்களின் கணினியிலிருந்து மட்டும் கணக்கெடுக்கும் ஏற்பாடு அது, பாப்கான் என்பார்கள். என் பேக்கேஜுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இரண்டு விரல் என்னுடையவை: லேப்டாப் ஒன்று, பழைய லேப்டாப் ஒன்று.

இதை எழுதியவர் ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு பெரியவர். தங்கமான மனுஷர். பல வருஷமாகப் பதிப்பு எண்ணுக்குத் தேதியையே போட்டுவந்தார், 20190412 என்பது மாதிரி. திடீரென்று ஒரு நாள், நிரல் முதிர்ந்துவிட்டது என்று அறிவித்து 1.0 என்று வெளியிட்டார். முதிர்ந்தது நிரல், தலை நரைத்தது எனக்கு. கணினிக்கு இரண்டு கோடிச் சொச்சத்தைவிட ஒன்று சின்னது. புதுசை எத்தனை தடவை நீட்டினாலும் "உங்களிடம் இருப்பதே புதுசு" என்று திருப்பி அனுப்பும். பரிகாரம் உண்டு: எண்ணுக்கு முன்னால் ஒன்று போட்டு ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். 1:1.0. ஈபாக் என்று பெயர். ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் எடுக்க முடியாது. அவர் பேரன் வந்து 9.0 வெளியிட்டாலும் அது 1:9.0 தான். டெபியன்காரர்கள் ஈபாக் போட்ட பேக்கேஜைப் பார்த்தால், ஐயோ பாவம், இந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்வார்கள்.

இந்த விஷயத்தில் டோனல்ட் குனுத் தேவலை. அவருடைய டெக்ஸ் நிரலின் பதிப்பு எண், கணக்குப் பாடத்துப் பையை நோக்கித் தசமம் தசமமாக நகர்கிறது. 2021-இல் 3.141592653. தன் காலத்துக்குப் பிறகு எண்ணைப் பை என்றே வைத்துவிட வேண்டும், அதற்குமேல் மிச்சமிருக்கும் பிழைகளெல்லாம் பிழையல்ல, சிறப்பம்சங்கள் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். எனக்கு ஆசை வந்துவிட்டது. "என் குறட்டையும் என் காலத்துக்கு அப்புறமாவது சிறப்பம்சம் ஆகுமா?" என்று மனைவியிடம் கேட்டேன். "அப்ப குறட்டையே இருக்காதேங்க" என்றாள், கொஞ்சம் ஏக்கத்தோடு.

பேக்கேஜைக் கட்டி முடித்ததும் லிண்டியன் என்ற சோதனை நிரலை ஓட்ட வேண்டும். மாற்றக் குறிப்பில் ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினால் சொல்லிக் காட்டும். விவரிப்பில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிக் காட்டும். அதிலேயே பெடான்டிக் என்று ஒரு நிலை இருக்கிறது. நாமாக வேண்டிக் கேட்டால்தான் அந்த நுணுக்கத்துக்குக் குறை சொல்லும். நான் வேண்டிக் கேட்டுக் குறை வாங்குகிற ஒரே இடம் அதுதான். மற்ற இடங்களில் கேட்காமலே வந்துவிடுகிறது.

சரி, எழுதியவரும் சும்மா இருக்கிறார், நானும் சும்மா இருக்கிறேன், பேக்கேஜ் சும்மா இருக்குமா என்றால் இருக்காது. 2024-இல் ஜிசிசி என்ற கம்பைலரின் 14-ஆம் பதிப்பு வந்தது. அதுவரை, முன்கூட்டி அறிவிக்காத ஃபங்ஷனை நிரலில் கூப்பிட்டால் கம்பைலர் கொஞ்சம் முனகிவிட்டு வேலையைப் பார்க்கும். பதினான்கு வந்த பிறகு பிழை என்று நிறுத்திவிட்டது. பல காலமாக ஒழுங்காக ஓடிய பழைய நிரல்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்தன. என்னுடையதும் படுத்தது. "நான் தொடவே இல்லையே" என்று புலம்பினேன். தொடாததுதான் குற்றமாம்.

அதைவிடப் பெரிய கூத்து மெயின்ஃபிரேம். டிரிக்ஸி ஏழு வகைக் கணினிகளில் ஓடும். அதில் ஒன்று எஸ்390எக்ஸ் என்ற ஐபிஎம் மெயின்ஃபிரேம். எண்ணின் பைட்டுகளை மற்ற ஆறும் கடைசியிலிருந்து அடுக்கினால் அது மட்டும் முதலிலிருந்து அடுக்கும். பெரியவர் பதிப்பு 1:1.3-ஐ ஏற்றினேன். ஆறு கணினிகளில் சோதனை தேறியது. ஏழாவதில் அமாவாசை அன்று முழுநிலா காய்ந்தது. "அந்த மெஷின்ல யாருங்க நிலா பார்ப்பாங்க?" என்றாள் மனைவி. யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்தது இப்போது கட்ட முடியவில்லை என்றால் பேக்கேஜ் சித்தைவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகராது. என் வீட்டில் மெயின்ஃபிரேம் இல்லை. லேப்டாப்பில் எஃப் எழுத்தே இரண்டு தடவை அழுத்தினால்தான் விழும். அந்த லேப்டாப்பையே தன்னை மெயின்ஃபிரேம் என்று நம்பவைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஃபேன் ஓலமிட ஓலமிட, ராத்திரிகளைக் கழித்து ஐம்பது வரியில் ஒரு பேட்ச் எழுதினேன். நிலா தேய்ந்தது. நானும்தான்.

பிழைகளுக்கு டெபியனில் ஏழு தரம்: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். முதல் மூன்றில் ஒன்று வந்துவிட்டால் அடுத்த பதிப்பில் இடம் கிடைப்பது சந்தேகம். கடைசியான விஷ்லிஸ்ட் என்றால், செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் வானம் இடிந்துவிடாது. இதையெல்லாம் வீட்டில் விளக்கி வைத்தது நான்தான். பின்கட்டுக் குழாய் சொட்டுகிறது என்று அவள் சொன்னபோது, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "விஷ்லிஸ்ட்" என்றேன்.

இன்னொரு ஏற்பாட்டையும் விளக்கி வைத்திருந்தேன். மெயின்டெய்னர் கும்பகர்ணனாக இருந்தால் வேறொருவர் உள்ளே புகுந்து பழுதைத் திருத்தி ஏற்றிவிடலாம். ஆனால் அதில் ஒரு மரியாதை உண்டு: என்ன மாற்றம் என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, பத்து நாள் தாமத வரிசை மாதிரி ஒன்றில் போட்டு வைப்பார்கள். அதற்குள் தூங்குகிறவர் எழுந்து, "வேண்டாம், நானே பார்க்கிறேன்" என்று தடுத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், எதிர்வீட்டு அக்கா அனுப்பிய பிளம்பர் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னைக் கேட்காம எப்படி?" என்றேன். "பத்து நாள் டைம் குடுத்தாச்சு. ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன், பார்க்கலையா?" என்றாள். போய்ப் பார்த்தேன். கேஸ் ரசீதுக்குப் பக்கத்தில் சீட்டு இருந்தது. தேதி போட்டிருந்தாள். வாஷர் மாற்றம், பித்தளை டேப் மாற்றம் என்று வரிவரியாக எழுதியிருந்தாள். எந்த வரியும் 80 எழுத்தைத் தாண்டவில்லை.

அந்த வாரமே மனம் வெறுத்து, என் பேக்கேஜை யாராவது தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் போட்டேன். டெபியனில் இதற்கெல்லாம் முறை இருக்கிறது. கைவிடப்பட்டவை அநாதைப் பட்டியலில் சேரும். இன்னும் கைவிடவில்லை, நல்ல இடமாக வந்தால் கொடுத்துவிடலாம் என்றால் அதற்குத் தனிப் பட்டியல். ரொம்ப நாள் ஒரு நாதியும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு சேலத்துப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் எழுதினான். பணிவான கடிதம், ஒரு எழுத்துப்பிழை இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சந்தேகம் வந்தது.

காரணம் இருக்கிறது. எக்ஸ்இசட் என்று, கோப்புகளைச் சுருக்கும் ஒரு நிரல். உலகத்து லினக்ஸ் முழுக்க இருக்கிறது. அதை லாசே காலின் என்பவர் ஒற்றை ஆளாக, ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒரு ஆசாமி வந்து ரொம்பப் பணிவாக ஒத்தாசை செய்தார். இன்னும் சில பெயர்களில் வந்தவர்கள், ஏன் இத்தனை தாமதம், வேறு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று காலினை நச்சரித்தார்கள். பொறுப்பு மெல்லக் கைமாறியது. 2024-இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வாசலுக்கு ஒரு கள்ளச்சாவி ஒளிந்திருந்தது. சித் வரைக்கும் வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ன்ட் என்ற பொறியாளர், உள்ளே நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று நோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இதை மயிர்க்கூச்செறிய நான் வீட்டில் விவரித்தபோது மனைவி கடைசிவரை கேட்டாள். "அவர் அரை விநாடியைக் கண்டுபிடிச்சாரு. அரை மணி நேரமா குக்கர் விசில் அடிக்குது, உங்களுக்குக் கேட்கலை" என்றாள்.

ஆகவே பையனை நேரில் பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். டெபியனில் இதுவும் வழக்கம்தான்: அடையாள அட்டையை நேரில் பார்த்து ஒருவர் சாவியில் மற்றவர் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார்கள். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தபோது நானும் போயிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். போட்டோவில் எனக்கு முடி இருந்தது. கடைசியில் காதுகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

சேலம் புது பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் சந்தித்தோம். ஆதார் கார்டை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததைப் பையன் பொறுத்துக்கொண்டான். அவன்தான், சந்தேகமில்லை. டீக்குக் காசும் அவனே கொடுத்தான். பிறகு தயங்கித் தயங்கி, "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்த மெயின்ஃபிரேம் பேட்ச் ஐம்பது வரி இருக்கே? பைட்டைத் திருப்ப ரெடிமேடா ஒரு ஃபங்ஷனே இருக்கு சார். ஒரு வரில முடிஞ்சிடும்" என்றான். "தெரியும். பிற்பாடு மாத்தலாம்னு விட்டு வெச்சிருந்தேன்" என்றேன். பையன் நல்ல வளர்ப்பு, தலையாட்டினான்.

இப்போது இருவரும் கூட்டு மெயின்டெய்னர்கள். பெரியவர் புதுப் பதிப்பு வெளியிட்டு நான் பல் தேய்த்து வருவதற்குள் பையன் கட்டி வைத்துவிடுகிறான். லிண்டியன் வாயைத் திறப்பதில்லை. பின்கட்டுக் குழாயும் சொட்டுவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கே நான் கூடத்தில் வந்து உட்காருவதைப் பார்த்து மனைவி, "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்றுத் தூக்கம் வரவில்லை. சும்மா பார்த்துவைப்போமே என்று அநாதைப் பட்டியலைத் திறந்தேன். ஒன்று கிடந்தது. எந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எத்தனை மணிக்கு மறையும் என்று சொல்லுமாம். தீர்க்காத புகார்கள் ஒரு கட்டு. எழுதியவரைப் பற்றி நெடுங்காலமாகத் தகவலே இல்லை. பதிப்பு எண்ணிலும் ஏற்கெனவே ஒரு ஈபாக். தத்தெடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அதுவும் காலண்டர் தாளில் இருக்கிறதுதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.